3 சதவீதக் கோட்டின் காவலர்: ஸ்ரீ முல்யானி விலகியதும் இந்தோனேசியச் சந்தை ஏன் பதறியது?

2025 செப்டம்பர் 8 அன்று இந்தோனேசிய அதிபர் பிரபோவோ சுபியாந்தோ அமைச்சரவையை மாற்றினார். ஐந்து துறைகளுக்கு மாற்றம் அறிவிக்கப்பட்டாலும் பேச்செல்லாம் ஒரே பெயரைச் சுற்றித்தான் இருந்தது. நிதி அமைச்சர் ஸ்ரீ முல்யானி இந்திராவதியின் இடத்துக்கு, வங்கி வைப்புக் காப்பீட்டு அமைப்பின் தலைவராக இருந்த புர்பயா யுதி சதேவா வந்தார். ஜகார்த்தா பங்குச் சந்தை அன்று 1 சதவீதத்துக்கு மேல் இறங்கி முடிந்தது. மறுநாள் நாட்டின் நாணயமான ரூப்பியாவும் சரிந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புதிராகத்தான் இருக்கும். அன்று எந்தச் சட்டமும் மாறவில்லை, பட்ஜெட் மாறவில்லை, வரியும் மாறவில்லை. நாட்டின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (இனி ஜிடிபி) 40 சதவீத அளவில்தான் இருந்தது. பல நாடுகள் பொறாமைப்படும் எண் அது. அப்படியிருக்க ஒரு அமைச்சர் போனதற்கு முதலீட்டாளர்கள் ஏன் கைநடுங்கினார்கள்?

பதில் அவருடைய பதவிக்காலக் கதையில் இருக்கிறது. அதற்கு முன் அந்தப் பதவி என்ன, '3 சதவீதம்' என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். தொகைகளைப் பற்றியும் ஒரு குறிப்பு: 1 டிரில்லியன் ரூப்பியா என்றால் 1 லட்சம் கோடி ரூப்பியா. 2025 மாற்று மதிப்பில் அது இந்தியப் பணத்தில் 500 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். எண்கள் பெரிதாகத் தெரிந்தாலும் மிரள வேண்டியதில்லை.

## நிதி அமைச்சர் கையில் என்னென்ன இருக்கிறது?

இந்தோனேசிய அமைச்சர்கள் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லிப் பதவியில் நீடிப்பவர்கள் அல்லர். அதிபர் நியமிக்கிறார், அதிபரே நீக்குகிறார். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தேர்தலில் நின்று ஜெயித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. கட்சிக்காரர்களுக்குக் கொடுத்தது போக, சில முக்கியத் துறைகளைத் துறை வல்லுநர்களிடம் ஒப்படைப்பது அங்கே பழைய வழக்கம். ஸ்ரீ முல்யானி அந்த வகையில் வந்தவர். எந்தக் கட்சியிலும் அவர் இருந்ததில்லை.

நிதித் துறை மற்ற துறைகளைப் போன்றதல்ல.

1. கஜானா. 2004ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டப்படி நிதி அமைச்சரே அரசின் பொதுக் கருவூலர். மற்ற அமைச்சர்கள் 'பட்ஜெட்டைப் பயன்படுத்துபவர்கள்' மட்டுமே. ஒரு துறை செலவு ஆணை போட்டாலும், நிதி அமைச்சகத்தின் கீழுள்ள கருவூல அலுவலகம் அதைச் சரிபார்த்து விடுவித்தால்தான் பணம் வெளியே போகும்.

2. வசூல். வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி, சுங்கம், கலால் ஆகிய எல்லாம் ஒரே அமைச்சகத்துக்குள் அடக்கம்.

3. கடன். அரசுக் கடன் பத்திரங்களை எப்போது, எவ்வளவு, எந்த நாணயத்தில் வெளியிடுவது என்ற முடிவு.

4. மாநிலங்களுக்கான பங்கு. 38 மாநிலங்களும் 500க்கு மேற்பட்ட மாவட்ட, நகர நிர்வாகங்களும் பெரும்பாலும் ஜகார்த்தா அனுப்பும் பணத்தில்தான் ஓடுகின்றன.

5. நிதி நெருக்கடி நேரத்தில் முடிவெடுக்கும் குழுவின் தலைமை. வங்கி ஒன்று விழப்போகிறது என்றால் காப்பதா விடுவதா என்று அந்தக் குழுதான் சொல்லும்.

ஆக, அமைச்சரவையில் 'இல்லை' என்று சொல்லும் அதிகாரம் ஏறத்தாழ இந்த ஒரு மேசையில்தான் குவிந்திருக்கிறது. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதிபரின் விருப்பம் இருக்கும்வரைதான் அங்கே இருக்க முடியும். ஸ்ரீ முல்யானியின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இதுதான்.

## 3 சதவீதக் கோடு எங்கிருந்து வந்தது?

1997 நடுப்பகுதியில் ஒரு அமெரிக்க டாலர் சுமார் 2,400 ரூப்பியா. அடுத்த ஆண்டு அது 16,000 வரை போய்த் தொட்டது. இடையில் நடந்தவற்றில் ஒன்றை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1997 நவம்பர் 1 அன்று, பன்னாட்டு நிதியத்தின் (ஐஎம்எஃப்) ஆலோசனைப்படி 16 சிறு வங்கிகள் மூடப்பட்டன. வைப்புக் காப்பீடு அப்போது கிடையாது. 'அடுத்தது எந்த வங்கி' என்ற பயத்தில் மக்கள் நல்ல வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுக்க ஓடினார்கள். வங்கித் துறையே சாய்ந்தது. அதைத் தூக்கி நிறுத்திய செலவு அரசின் தலையில் விழுந்தது. 2000 வாக்கில் அரசுக் கடன் ஜிடிபிக்கு நிகராகவே வந்து நின்றது. 32 ஆண்டு ஆண்ட சுகார்த்தோவும் 1998 மே மாதம் பதவி விலகினார்.

அந்தச் சூட்டில் பிறந்தது 2003ஆம் ஆண்டின் அரசு நிதிச் சட்டம். ஓராண்டின் பற்றாக்குறை (வரவை மிஞ்சிய செலவு) ஜிடிபியில் 3 சதவீதத்தையும், மொத்தக் கடன் 60 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்றது அது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்த அதே எண்கள்.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு சங்கதி தெரியும். இந்த இரண்டு எண்களும் சட்டத்தின் பிரிவுகளில் இல்லை; 12ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவுக்கான விளக்கக் குறிப்பில் இருக்கின்றன. அத்தனை பெரிய கோட்டை இத்தனை சிறிய இடத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். மீறினால் யாருக்கு என்ன தண்டனை என்றும் அங்கே எழுதவில்லை. கோடு நிற்கிறது என்றால் அதைக் காக்கும் ஆள் மேல் உள்ள நம்பிக்கையால்தான் நிற்கிறது. கடன் கொடுப்பவர்கள் சட்டத்தின் வாசகத்தைவிட நிதி அமைச்சரின் முகத்தை உற்றுப் பார்ப்பது அதனால்தான்.

## முதல் சுற்று: 2005 முதல் 2010 வரை

1962இல் லம்புங் மாநிலத்தில், கல்வியாளர்களான பெற்றோருக்குப் பிறந்தவர் ஸ்ரீ முல்யானி. இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1992இல் முனைவர் பட்டம் பெற்றார். பன்னாட்டு நிதியத்தில் தென்கிழக்காசிய நாடுகளின் சார்பில் நிர்வாக இயக்குநராக இருந்தார். 2004இல் அதிபரான சுசிலோ பம்பாங் யூதோயோனோ முதலில் அவரைத் திட்டத் துறைக்கு அமைச்சராக்கினார். 2005 டிசம்பரில் நிதித் துறைக்கு மாற்றினார்.

அவர் முதலில் கைவைத்தது தன் சொந்த வீட்டில். நிதி அமைச்சகத்தின் வரி, சுங்கப் பிரிவுகள் லஞ்சத்துக்குப் பேர்போனவை. நாட்டின் முதன்மைத் துறைமுகமான தஞ்சோங் பிரியோக்கில் 2007இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுங்க ஊழியர்களை ஒரேயடியாக மாற்றினார். கூடவே சம்பளத்தையும் உயர்த்தினார். 'குறைந்த சம்பளம், அதனால் லஞ்சம்' என்ற சாக்கு இனி செல்லாது என்பது கணக்கு. வேலைக்கு அளவுகோலும் கெடுவும் வைக்கப்பட்டன.

இந்தச் சீர்திருத்தத்தை அளவுக்கு மீறிப் புகழ்பவர்கள் உண்டு. 2010இலேயே கீழ்மட்ட வரி அதிகாரி ஒருவரின் கணக்கில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட ரூப்பியா இருந்தது அம்பலமானது. 2023இல் இன்னொரு வரி அதிகாரியின் கணக்கில் வராத சொத்து நாடே பேசும் செய்தியாகி, அவர் சிறைக்குப் போனார். சம்பளம் கூடியதால் நல்லவர்கள் நிலைத்தார்கள். கெட்டவர்கள் திருந்தினார்கள் என்று சொல்ல முடியாது.

### செஞ்சுரி வங்கி: ஒரு இரவின் முடிவு

அவருடைய முதல் சுற்றை முடித்து வைத்தது செஞ்சுரி வங்கி விவகாரம். இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் 2025இல் நடந்ததற்கான முன்னோட்டம் இதில் இருக்கிறது.

செஞ்சுரி, மூன்று சிறு வங்கிகள் 2004இல் இணைந்து உருவான ஒரு நோஞ்சான் வங்கி. அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்து உலகமே ஆடிக்கொண்டிருந்த 2008 நவம்பரில் அதனால் தன் காசோலைகளுக்கே பணம் கொடுக்க முடியாமல் போனது. நவம்பர் 20 இரவு தொடங்கி மறுநாள் விடியற்காலை வரை நெருக்கடிக் குழு கூடியது. தலைவர் ஸ்ரீ முல்யானி. உறுப்பினர் மத்திய வங்கி ஆளுநர் போடியோனோ.

அவர்கள் முன் இருந்த வழிகள் இரண்டுதான்.

1. மூடிவிடலாம். செலவு குறைவு. ஆனால் 1997 நவம்பர் திரும்பினால்? அக்கம்பக்கத்து நாடுகள் எல்லா வைப்புகளுக்கும் அரசு உத்தரவாதம் அறிவித்திருந்தன. இந்தோனேசியா 200 கோடி ரூப்பியா வரையிலான வைப்புகளுக்கு மட்டுமே உத்தரவாதம் தந்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் பணத்தை சிங்கப்பூருக்கு நகர்த்த ஒரு வதந்தி போதும்.

2. காப்பாற்றலாம். அன்றிரவு மேசையில் இருந்த மதிப்பீட்டின்படி மூலதனமாக 632 பில்லியன், அதாவது 63,200 கோடி ரூப்பியா தேவை.

காப்பாற்றுவது என்று முடிவானது. கணக்குத் தோண்டத் தோண்டப் பள்ளம் பெரிதாகி, கடைசியில் செலவு 6.7 டிரில்லியனைத் தாண்டியது. முதல் மதிப்பீட்டைப் போல் பத்து மடங்கு. மக்கள் பணத்தை எடுக்க வங்கிகளுக்கு ஓடும் நிலை நிகழவில்லை என்பது உண்மை. முடிவு சரியாக இருந்ததால் நிகழவில்லையா, மூடியிருந்தாலும் நிகழ்ந்திருக்காதா என்பதை நிரூபிக்க வழியில்லை. நெருக்கடி நேர முடிவுகளின் சாபம் இது: தடுக்கப்பட்ட விபத்தை யாருக்கும் காட்ட முடியாது, செலவான பணத்தை எல்லோருக்கும் காட்டலாம்.

2010 மார்ச் 3 அன்று நாடாளுமன்றம் 325க்கு 212 என்ற வாக்கில் அந்த மீட்பு நடவடிக்கை முறைகேடானது என்று தீர்மானித்தது. ஆளும் கூட்டணியில் இருந்த கோல்கர் கட்சியே எதிர்த்து வாக்களித்தது. தீர்மானத்துக்கு அமைச்சரை நீக்கும் சக்தி இல்லை. ஆனால் அமைச்சரைக் காப்பாற்ற நாடாளுமன்றத்தில் அவருக்கென்று ஒரு உறுப்பினர்கூட இல்லை. அதிபருக்கோ கோல்கர் தேவைப்பட்டது. மே மாதம் உலக வங்கியின் நிர்வாக இயக்குநர் பதவிக்குப் போனார் ஸ்ரீ முல்யானி. இந்த விவகாரத்தில் அவர் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. அதிகாரிகளில் மத்திய வங்கியின் துணை ஆளுநர் ஒருவர் மட்டும் 2014இல் தண்டனை பெற்றார்.

## இரண்டாம் சுற்று: வெட்டு, மன்னிப்பு, கொரோனா

2016 ஜூலை 27 அன்று அதிபர் ஜோக்கோ விடோடோ அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அப்போது பட்ஜெட் ஆபத்தான நிலையில் இருந்தது. வரி வசூல் மதிப்பீடு யதார்த்தத்தை விட 219 டிரில்லியன் அதிகமாகப் போடப்பட்டிருந்தது. அப்படியே விட்டால் ஆண்டு முடிவில் 3 சதவீதக் கோடு உடையும். பதவியேற்ற சில நாட்களிலேயே 133.8 டிரில்லியன் செலவை வெட்டுவதாக அறிவித்தார்.

அவர் வருவதற்குச் சற்று முன் நிறைவேறிய வரி மன்னிப்புச் சட்டத்தை நடத்திக் காட்டும் பொறுப்பும் அவருக்கு வந்தது. திட்டம் இப்படி: மறைத்த சொத்தை அறிவித்தால் வழக்கு இல்லை, சிறு கட்டணம் மட்டும். உள்நாட்டுச் சொத்துக்கும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து முதலீடு செய்யும் சொத்துக்கும் மூன்று கட்டங்களில் 2, 3, 5 சதவீதம். வெளிநாட்டிலேயே விட்டுவைத்தால் 4, 6, 10 சதவீதம். சீக்கிரம் வந்தவருக்குச் சலுகை, தாமதித்தவருக்கு விலை. 2017 மார்ச்சில் முடிந்தபோது 4,800 டிரில்லியனுக்கு மேல் சொத்து அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் நாட்டுக்குள் திரும்பி வந்த பணம் 150 டிரில்லியனைக்கூட எட்டவில்லை. 2022இல் வேறு பெயரில் இன்னொரு மன்னிப்பும் வந்தது. ஒருமுறை மன்னித்தால் ஒழுங்கு. இரண்டாம் முறை மன்னித்தால் ஏய்ப்பவன் மூன்றாவதற்குக் காத்திருப்பான் என்ற விமர்சனத்துக்கு அமைச்சகத்திடம் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

2017 மே மாதம் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்டு பியும் இந்தோனேசியாவுக்கு 'முதலீட்டுக்கு ஏற்றது' என்ற தரத்தைத் தந்தது. 1997 நெருக்கடியில் இழந்ததை மூன்று பெரிய தர நிறுவனங்களிடமும் மீட்ட தருணம் அது.

பிறகு கொரோனா. 3 சதவீதக் கோட்டை அரசு தானே தூக்கியது. இங்கேதான் ஸ்ரீ முல்யானியின் கைவண்ணம் தெரிகிறது. கோட்டைத் தூக்கிய சட்டத்திலேயே, 2022 முடிந்ததும் கோடு திரும்ப வரும் என்று தேதி போட்டு எழுதினார்கள். பற்றாக்குறை 2020இல் 6.1 சதவீதம், 2021இல் 4.6 சதவீதம். 2022இல் அது 2.4 சதவீதத்துக்கு இறங்கியது. கெடுவுக்கு ஓராண்டு முன்பே. நிலக்கரி, பாமாயில் விலையேற்றம் பெரிய கைகொடுப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு, மத்திய வங்கி அரசிடமிருந்து நேரடியாகக் கடன் பத்திரம் வாங்கி வட்டிச் சுமையைப் பகிர்ந்துகொண்டது. வேறொரு அமைச்சர் செய்திருந்தால் 'பணம் அச்சடிக்கிறார்கள்' என்று சந்தை அலறியிருக்கும். இவர் செய்ததால் பொறுத்துக்கொண்டது.

## கோட்டுக்குள் நிற்பது எப்படி?

'பற்றாக்குறையைக் கட்டுப்படுத்தினார்' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். நடைமுறையில் அதற்குக் கையாளப்படும் கருவிகள் இவை.

1. முன்கூட்டியே பூட்டு. 2022 முதல் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு துறையின் ஒதுக்கீட்டிலும் ஒரு பகுதி முடக்கப்பட்டது. 2024இல் இது மொத்தம் 50 டிரில்லியன் அளவு. முடக்கப்பட்ட வரிகளுக்குப் பக்கத்தில் பட்ஜெட் ஆவணத்தில் நட்சத்திரக் குறி விழும். 'எங்கள் திட்டத்துக்கு நட்சத்திரம் விழுந்துவிட்டது' என்பது ஜகார்த்தா அலுவலகங்களில் பழகிய புலம்பல்.

2. தாமதமான பட்டுவாடா. பெட்ரோலையும் மின்சாரத்தையும் அரசு சொன்ன விலையில் விற்றதற்கான இழப்பீட்டை, அரசு எண்ணெய் நிறுவனமான பெர்தாமினாவுக்கும் மின் நிறுவனமான பிஎல்என்னுக்கும் அரசு தர வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் இந்த ஆண்டுச் செலவு குறையும். கடன் அந்த நிறுவனங்களின் கணக்கில் ஏறும்.

3. கோட்டுக்குக் கீழே எழுதுவது. இந்தக் கோடு 3 சதவீதக் கோடு அல்ல, பற்றாக்குறைக் கணக்கு முடியும் இடம். அரசு நிறுவனங்களுக்குத் தரும் மூலதனம் 'செலவு' அல்ல, 'நிதியீடு' என்று வகைப்படும். பற்றாக்குறைக் கணக்கில் அது சேராது. கடன் மட்டும் கூடும்.

4. மிச்சப் பணம். முந்தைய ஆண்டுகளில் கடன் வாங்கிச் செலவழிக்காமல் விட்ட தொகை மத்திய வங்கியில் கிடக்கும். அவசரத்துக்கு அதை எடுத்தால் புதுக் கடன் குறையும்.

இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வளவு கௌரவமானவை அல்ல. கறாரான அமைச்சர் என்று பெயர் வாங்கியவரும் இவற்றைப் பயன்படுத்தினார். அளவு மீறவில்லை என்பதுதான் அவர் சம்பாதித்த நம்பிக்கை.

## நகராத ஒரு எண்

செலவுப் பக்கத்தில் இத்தனை சாமர்த்தியம் காட்டியவர் வரவுப் பக்கத்தில் சறுக்கினார். ஜிடிபியில் வரி வசூல் எத்தனை சதவீதம் என்ற எண் அவர் திரும்பி வந்தபோதும் 10ஐ ஒட்டியே இருந்தது; 2024இலும் 10ஐ ஒட்டியே இருந்தது. தென்கிழக்காசியாவிலேயே தாழ்ந்த எண்களில் ஒன்று.

காரணங்கள் அவர் கையை மீறியவையும்தான். உழைப்பாளிகளில் பெரும்பகுதி முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 480 கோடி ரூப்பியா வரை விற்றுமுதல் உள்ள சிறு தொழில்களுக்கு வெறும் 0.5 சதவீத வரி. இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றே தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பவர்கள் உண்டு. பெரிய சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பல ஆண்டு வரி விலக்கு. ஆனால் 2025 ஜனவரி 1 அன்று தொடங்கிய 'கோர்டேக்ஸ்' என்ற புதிய வரிக் கணினி அமைப்பு முதல் வாரங்களிலேயே திணறியதற்குப் பொறுப்பு அமைச்சகத்துடையதே. நிறுவனங்களால் வரி விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) போட முடியவில்லை. ஆண்டின் முதல் மாத வசூல் பலத்த அடி வாங்கியது.

வரவு நகராமல் வட்டி மட்டும் நகர்ந்தது. 2026 பட்ஜெட்டில் வட்டிக்கு ஒதுக்கியது சுமார் 599 டிரில்லியன். மொத்த வரவு 3,153.6 டிரில்லியன். 100 ரூப்பியா வந்தால் 19 ரூப்பியா வட்டிக்கே போகிறது. கடன் 40 சதவீதம்தானே என்று நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

## பிரபோவோ ஆட்சியில் ஓராண்டுகூட ஆகாமல்

2024 அக்டோபரில் பதவியேற்ற பிரபோவோ, சந்தையை அமைதிப்படுத்தவே ஸ்ரீ முல்யானியைத் தக்கவைத்தார் என்பது பரவலான கணிப்பு. நிதி அமைச்சகத்தை, பல துறைகளை மேற்பார்க்கும் ஒருங்கிணைப்பு அமைச்சரின் கீழிருந்து எடுத்து நேரடியாகத் தன் கீழ் வைத்துக்கொண்டார். அதிபரின் இலக்கு 2029க்குள் 8 சதவீத வளர்ச்சி. நாடு பல ஆண்டுகளாக 5ஐச் சுற்றியே நிற்கிறது. அடுத்த 11 மாதங்களில் மோதல் படிப்படியாக வளர்ந்தது.

1. மதிப்புக் கூட்டு வரி. 2021 சட்டப்படி 2025 ஜனவரி 1 முதல் 11லிருந்து 12 சதவீதமாக வேண்டும். மக்கள் எதிர்ப்பால், 2024 டிசம்பர் 31 அன்று, ஆடம்பரப் பொருளுக்கு மட்டும் என்று அதிபர் சுருக்கினார். சட்டத்தில் 12 என்று இருப்பதை மாற்ற நேரமில்லை. அமைச்சகம் ஒரே நாளில் ஒரு விதி எழுதியது: விகிதம் 12தான், ஆனால் விலையின் பன்னிரண்டில் பதினொரு பங்குக்கு மட்டும் வரி. 1,00,000 ரூப்பியா பொருளுக்கு 91,667 ரூப்பியா மீது 12 சதவீதம் போட்டால் 11,000. பழைய 11 சதவீதமே! இதில் அரசு இழந்தது ஓராண்டுக்கு 70 டிரில்லியனுக்கு மேல்.

2. அரசு நிறுவன லாபப் பங்கு. 2025 பிப்ரவரி 24 அன்று தனந்தாரா என்ற முதலீட்டு நிதியம் தொடங்கியது. அதுவரை பட்ஜெட்டுக்கு வந்த லாபப் பங்கு, ஆண்டுக்குச் சுமார் 80 டிரில்லியன், அங்கே திரும்பியது.

3. இலவச சத்துணவு. பள்ளிக் குழந்தைகள், கர்ப்பிணிகள் உட்பட 8.29 கோடிப் பேருக்கு உணவு தருவது இலக்கு. 2025இல் 71 டிரில்லியனில் தொடங்கியது, 2026 பட்ஜெட் வரைவில் 335 டிரில்லியன் ஆனது.

4. இதற்கெல்லாம் இடம் தேட, 2025 ஜனவரியில் 306.69 டிரில்லியன் வெட்ட அதிபர் ஆணை பிறந்தது. 256.1 டிரில்லியன் துறைகளிடமிருந்து, மீதி மாநிலங்களிடமிருந்து. 2026 வரைவில் மாநிலங்களின் பங்கு 919லிருந்து 650 டிரில்லியனாகச் சுருங்கியது.

நான்காவது புள்ளியின் விளைவு தெருவில் தெரிந்தது. கையில் காசு குறைந்தால் மாவட்ட நிர்வாகம் நிலத்தையும் வீட்டையும் பார்க்கும். மத்திய ஜாவாவின் பாட்டி மாவட்டத்தில் சொத்து வரியை 250 சதவீதம் வரை உயர்த்தினார்கள். 2025 ஆகஸ்ட் 13 அன்று மக்கள் பெருந்திரளாகத் திரண்டார்கள். வரி உயர்வு வாபஸ் ஆனது, கோபம் ஆகவில்லை.

அதே மாதத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதம் 5 கோடி ரூப்பியா வீட்டுப்படி என்ற செய்தி வெளியானது. ஜகார்த்தாவின் குறைந்தபட்சக் கூலியைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆகஸ்ட் 28 இரவு, செயலி வழி மோட்டார் சைக்கிள் ஓட்டி பிழைத்த இளைஞர் ஒருவர் போலீஸ் கவச வாகனம் ஏறி இறந்தார். பல நகரங்கள் கொந்தளித்தன. சில உறுப்பினர்களின் வீடுகளைச் சூறையாடிய கூட்டம் ஆகஸ்ட் 31 விடியலில் நிதி அமைச்சரின் வீட்டிலும் புகுந்தது. எம்.பி.க்களின் படியை முன்மொழிந்தவர் அவர் அல்லர் என்றாலும் கையொப்பமிடும் மேசை அவருடையது. வரி என்றால் மக்களுக்கு நினைவுக்கு வரும் முகமும் அவருடையதே. எட்டு நாளில் பதவி போனது.

2010ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது கூட்டணிக் கட்சி தள்ளியது, அதிபர் விட்டுக்கொடுத்தார். இப்போது தெரு கொதித்தது, அதிபருக்கு வேறு பாதை தேவைப்பட்டது. இரண்டு முறையும் அவரைப் பிடித்து நிறுத்தக் கட்சியோ வாக்காளரோ இல்லை. அவருக்கு ஆதரவாக இருந்தது கடன் பத்திரச் சந்தை. அந்தச் சந்தையிலும் வெளிநாட்டவரின் கை சுருங்கியிருந்தது: ரூப்பியா அரசுப் பத்திரங்களில் அவர்கள் பங்கு 2019இல் 38 சதவீத அளவு, 2025இல் 15க்குக் கீழ். மிரட்டினால் அதிபர் பயப்படும் அளவுக்கு அதற்கு வலு மிச்சமில்லை.

## புதியவர் செய்த முதல் வேலை

புர்பயா வந்த வாரமே, மத்திய வங்கியில் கிடந்த அரசுப் பணத்தில் 200 டிரில்லியனை எடுத்து ஐந்து அரசு வங்கிகளில் போட்டார். மந்திரி, பிஆர்ஐ, பிஎன்ஐ ஆகிய மூன்றுக்கும் தலா 55, பிடிஎனுக்கு 25, பிஎஸ்ஐக்கு 10. தூங்கும் பணம் கடனாக வெளியே போனால் வளர்ச்சி வரும் என்பது வாதம். வங்கிகளிடம் பணம் இல்லாததால்தான் கடன் ஓடவில்லை என்றால் இது பலிக்கும். கடன் கேட்டு வருபவர் குறைந்ததால் என்றால், அதே பணம் அரசுப் பத்திரத்துக்கோ மத்திய வங்கிப் பத்திரத்துக்கோ திரும்பிப் போகும். அதோடு, அரசின் அவசரக் கையிருப்பு இடம் மாறிவிடுகிறது. அடுத்த நெருக்கடியில் வங்கிகளிடமிருந்து அதைத் திரும்ப இழுத்தால் வங்கிகளுக்கே மூச்சுமுட்டும்.

செப்டம்பர் 23 அன்று நிறைவேறிய 2026 பட்ஜெட்டில் பற்றாக்குறை 638.8லிருந்து 689.1 டிரில்லியனாக, அதாவது 2.48லிருந்து 2.68 சதவீதமாக ஏறியது. மாநிலங்களின் பங்கில் 43 டிரில்லியன் திருப்பித் தரப்பட்டது. பாட்டியின் பாடம் ஓரளவு எட்டியிருக்கிறது.

## இனி எந்த எண்களைப் பார்ப்பது?

முதலாவது, ஆண்டு முடிவுப் பற்றாக்குறை. 2025க்கு முதலில் திட்டமிட்டது 2.53 சதவீதம். ஜூலையில் ஸ்ரீ முல்யானியே அதை 2.78 ஆகத் திருத்தினார். ஆண்டு முடிந்தபோது வந்தது 2.92 சதவீதம், 695.1 டிரில்லியன். கோட்டுக்கு மிச்சம் 0.08 சதவீதம். தொகையில் சொன்னால் 19 டிரில்லியன் அளவு. சத்துணவுத் திட்டத்தின் மூன்று வாரச் செலவுக்கு அது காணாது.

இரண்டாவது, கோட்டுக்குக் கீழே எழுதப்படும் தொகைகள். கிராமக் கூட்டுறவுகளுக்கு அரசு வங்கிகள் வழியே போகும் கடன், தனந்தாராவின் முதலீடுகள், பெர்தாமினாவுக்கும் பிஎல்என்னுக்கும் நிலுவை. தலைப்புச் செய்தியில் வரும் 3 சதவீதத்தைக் காப்பாற்றிவிட்டு இவற்றைப் பெருக்கினால் கடன் சத்தமில்லாமல் ஏறும்.

மூன்றாவது, 2003 சட்டம். நாடாளுமன்றத்தின் எட்டுக் கட்சிகளில் ஏழு அதிபரின் பக்கம் நிற்கின்றன. விளக்கக் குறிப்பில் உள்ள ஒரு வரியைத் திருத்த வாக்கு தேடி அலைய வேண்டியதில்லை. அரசு அதைத் தொடாத வரை சந்தை முணுமுணுப்போடு கடன் கொடுத்துக்கொண்டிருக்கும். தொடுவதற்கான மசோதா வந்தால், செப்டம்பர் 8இல் விழுந்த ஒரு சதவீதம் பெரிதாகத் தெரியாது.